தட்டினால் போகாத தூசி



இந்த இதழ் உங்கள் பார்வைக்கு வரும்போது மழை ஓய்ந்து, வீடுகளில் போகிக்கான சுத்தம் தொடங்கியிருக்கும். பரணில் இருக்கும் பெட்டிகள் இறங்கும். ஒட்டடைக் குச்சி வெளியே வரும். மூன்று மாதமாக வெயிலே காணாத மெத்தைகளுக்கு அடி விழும். அதே வாரத்தில் நம் பிளாக்குகளில் தும்மலும் இருமலும் கூடிவிடுவதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். மார்கழிப் பனி என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். சென்ற ஆண்டு என் பேத்திக்கு இரவில் வீசிங் வர ஆரம்பித்தது. அறையில் தூசி சேர்ந்திருக்கிறது, சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எங்கள் அம்மா செய்வதைப் பார்த்து வளர்ந்தவன். பிரம்பை எடுத்து, கட்டிலில் வைத்தபடியே மெத்தையை அடித்து நொறுக்கினேன். அன்றிரவு குழந்தைக்கு நெபுலைசர் வைக்க வேண்டியதாயிற்று. மறுநாள் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் சுத்தம் செய்தபோது குழந்தை எங்கே இருந்தாள்?" அவள் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வீட்டுத் தூசியைப் பற்றி ஓர் ஆண்டு படித்தேன். படித்ததில் முக்கியமானதை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கடைசியில் நம் அசோசியேஷனிடம் ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

பேராயரின் இறகு மெத்தை

படுக்கையை மாற்றி மூச்சுத்திணறலைக் குறைக்கும் யோசனை இன்று நேற்று வந்ததல்ல. 1552-ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த ஜிரோலமோ கார்டானோ என்ற மருத்துவர் ஸ்காட்லாந்துக்குப் பயணம் போனார். இவர் கணித மேதையும்கூட. அங்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயர் ஜான் ஹாமில்டன் பல ஆண்டுகளாக மூச்சு இரைப்பால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். உணவு, உறக்கம், உடற்பயிற்சி என்று கார்டானோ சொன்ன நீண்ட பட்டியலில் ஒன்று, இறகு அடைத்த மெத்தையும் தலையணையும் கூடாது என்பது. பேராயர் தேறினார். பிற்பாடு அவர் இறந்ததும் மூச்சு இரைப்பால் அல்ல. அரசியல் பகையில் சிக்கி 1571-ல் தூக்கிலிடப்பட்டார்.

இறகில் என்ன இருக்கிறது என்பது கார்டானோவுக்குத் தெரியாது. ஆனால் நோயாளி எதன்மேல் படுத்திருக்கிறார் என்று பார்க்க அவருக்குத் தோன்றியது.

அடுத்த நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரத்து மருத்துவர் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் ஒரு துறவியைப் பற்றி எழுதி வைத்தார். பழைய கட்டடங்களை இடிக்கும் வேலையில் ஈடுபட்டவர் அந்தத் துறவி. எங்காவது பெருக்கினால் போதும், காற்று கொஞ்சம் தூசியைக் கிளப்பினால் போதும், மூச்சு அடைத்துக் கீழே விழுந்துவிடுவாராம். இந்தக் குறிப்பு அடங்கிய நூல் வான் ஹெல்மான்ட் இறந்த பிறகு, 1648-ல், அவர் மகனால் வெளியிடப்பட்டது. அதைப் படித்தபோது பிரம்போடு நின்ற நானும், கதவோரம் நின்ற பேத்தியும்தான் நினைவுக்கு வந்தோம். அடங்கிக் கிடக்கும் தூசியைவிட, கிளப்பிவிட்ட தூசியே ஆபத்து என்பது முந்நூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன்பே பதிவாகியிருக்கிறது.

தூசி என்பது ஒரே பொருளா?

இதற்கு முதலில் சோதனை செய்து பதில் தேடியவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து மருத்துவர் சார்ல்ஸ் ஹாரிசன் பிளாக்லி. புல் பூக்கும் பருவத்தில் விடாமல் தும்முகிறவர் அவர். ஒருநாள் சாலையில் போன வண்டி கிளப்பிய தூசி முகத்தில் பட்டு, தும்மல் பிடித்துக்கொண்டது. அந்தத் தூசியை எடுத்துப் போய் நுண்ணோக்கியில் பார்த்தார். அதில் புல்லின் மகரந்தம் கலந்திருந்தது. பிறகு தன் தோலிலும் மூக்கிலுமே மகரந்தத்தை வைத்துச் சோதித்தார். பட்டம் விட்டு உயரத்துக் காற்றிலிருந்தும் மகரந்தத்தைப் பிடித்து எண்ணினார். 1873-ல் அதையெல்லாம் புத்தகமாக வெளியிட்டார்.

நாம் 'தூசி' என்று ஒரே சொல்லில் சொல்வது ஒரே பொருள் அல்ல. தெரு மண், துணி நார், தோல் செதில், பூஞ்சை, மகரந்தம், பூச்சிகளின் உடைசல் எல்லாம் கலந்த கலவை. அதில் எது நம்மைத் தும்ம வைக்கிறது என்று தெரிந்தால்தான் எதைத் துடைப்பது என்று தெரியும்.

'அலர்ஜி' என்ற சொல்லே 1906-ல்தான் பிறந்தது. வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே உருவாக்கிய சொல் அது. நாம் இன்று கத்தரிக்காய் முதல் கணக்குப் பாடம் வரை எல்லாவற்றுக்கும் அதைப் பயன்படுத்துகிறோம்.

ஊதுவதா, உறிஞ்சுவதா?

மருத்துவர்கள் காரணம் தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில் பொறியாளர்கள் கருவி தேடிக்கொண்டிருந்தார்கள். 1901-ல் லண்டனில் ஓர் அரங்கில் புதிய துப்புரவு எந்திரம் ஒன்றைக் காட்டினார்கள். அது காற்றை வேகமாக ஊதித் தூசியைக் கிளப்பும். கிளம்பிய தூசியில் பெரும்பகுதி திரும்பவும் வந்து படியும். பார்த்துக்கொண்டிருந்த ஹியூபர்ட் சிசில் பூத் என்ற பொறியாளர், "ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன?" என்று கேட்டார். அது நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். பூத் விடவில்லை. உணவு விடுதி ஒன்றில் நாற்காலியின் மெத்தைமேல் கைக்குட்டையை விரித்து, வாய் வைத்து உறிஞ்சிப் பார்த்தார். தொண்டை அடைத்துக்கொண்டது, ஆனால் கைக்குட்டையின் அடிப்பக்கம் கறுப்பாக இருந்தது.

அவர் செய்த எந்திரம் ஒரு வண்டி அளவு. குதிரைகள் இழுத்து வரும். வாசலில் நிறுத்திவிட்டு நீண்ட குழாய்களை ஜன்னல் வழியாக உள்ளே விடுவார்கள். 1902-ல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு முன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் கம்பளங்களை இதுதான் சுத்தம் செய்தது.

அந்த எந்திரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் ஒரு நோயாளி. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கேன்டன் நகரத்துக் கடை ஒன்றில் துப்புரவுப் பணியாளராக இருந்தவர் ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர். அறுபதை நெருங்கும் வயது, ஆஸ்துமா. கம்பளம் கூட்டும் கருவி கிளப்பும் தூசிதான் தன் மூச்சை அடைக்கிறது என்று அவருக்குப் பட்டது. ஒரு விசிறி மோட்டார், சோப்புப் பெட்டி, துடைப்பக் கட்டை, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி, தூசியை உறிஞ்சி உறைக்குள் பிடிக்கும் ஒரு கருவியைச் செய்தார். 1908 ஜூன் மாதம் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவருடைய உறவுக்காரப் பெண்மணி சூசன் ஹூவர் அதைப் பயன்படுத்திப் பார்த்து வியந்தார். அவர் கணவர் வில்லியம் ஹூவர் தோல் பொருள் வியாபாரி, அந்த உரிமையை வாங்கிக்கொண்டார். உலகம் முழுக்க அந்தக் கருவிக்குப் பெயராகிப் போனது அவர் பெயர்தான்.

தலையணை உறையில் ஒரு குறை உண்டு. பெரிய தூசி நிற்கும். நுண்தூசி துணியின் கண்கள் வழியே அறைக்குள்ளேயே திரும்பிவிடும். இதற்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1940-களில் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில், கதிரியக்கத் துகள்கள் காற்றில் கலக்காமல் தடுக்க ஒரு வடிகட்டி தேவைப்பட்டது. 'ஹெப்பா' என்று இன்று பெட்டிமேல் அச்சிட்டு விற்கும் வடிகட்டியின் மூதாதை அதுதான். ஒரு மைக்ரானில் பத்தில் மூன்று பங்கு அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அதன் வரையறை. வாக்யூம் கிளீனர் வாங்குகிறவர்கள் மோட்டாரின் சக்தியைக் கேட்பதோடு, வெளியே வரும் காற்று எதன் வழியாக வருகிறது என்றும் கேட்க வேண்டும்.

லைடன் நகரத்து மெத்தைகள்

இப்போது கதையின் மையத்துக்கு வருகிறோம். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரிச்சர்ட் கெர்ன், ராபர்ட் குக் என்ற மருத்துவர்கள் வீட்டுத் தூசியின் சாற்றைத் தோலில் குத்திச் சோதித்தார்கள். ஆஸ்துமாக்காரர்களில் பலருக்குத் தோல் தடித்தது. ஆகத் தூசியில் ஏதோ இருக்கிறது. எது?

நெதர்லாந்தின் லைடன் நகரில் ஸ்டார்ம் வான் லேவன் என்ற பேராசிரியர் வேறு வழியில் போனார். சுத்தமான காற்று மட்டும் உள்ளே வரும்படி தனி அறைகள் கட்டி, அவற்றில் நோயாளிகளைத் தங்க வைத்தார். பலருக்கு மூச்சு சீரானது. வீடு திரும்பினால் மறுபடியும் இழுப்பு. சுவிட்சர்லாந்தின் உயரமான மலை ஊர்களுக்குப் போன நோயாளிகளும் அப்படியே தேறினார்கள். ஈரமான ஹாலந்தில் நோய், வறண்ட மலையில் நலம். பூஞ்சைதான் காரணமாக இருக்கும் என்று அவர் ஊகித்தார். ஈரம் என்ற துப்பு சரி; ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார்.

இன்னொரு துப்பும் இருந்தது. அன்றைய ஹாலந்தில் படுக்கைகளுக்கு ஜாவா தீவிலிருந்து வரும் இலவம் பஞ்சு அடைப்பது வழக்கம். நம் பாட்டி வீட்டு மெத்தையில் இருந்த அதே இலவம் பஞ்சுதான். 1930-களில் அமெரிக்க மருத்துவர்கள் சோதித்தபோது, புதிய பஞ்சைவிடப் பலகாலம் படுத்துப் பழகிய பழைய பஞ்சே அதிக ஒவ்வாமை தருவதைக் கண்டார்கள். இறகிலும் பருத்தியிலும் அதே கதை. அப்படியானால் குற்றம் பஞ்சின்மேல் இல்லை. பஞ்சுக்குள் ஏதோ குடியேறிப் பெருகுகிறது. ஜெர்மன் மருத்துவர் டெக்கர் 1928-லேயே ஆஸ்துமாவுக்கும் படுக்கையில் வாழும் உண்ணிகளுக்கும் தொடர்பு இருப்பதாக எழுதியிருந்தார். யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

1964-ல்தான் முடிச்சு அவிழ்ந்தது. அதே லைடன் நகரில் ரெய்னியர் வோர்ஹோர்ஸ்ட் என்ற மருத்துவரும், ஸ்பீக்ஸ்மா தம்பதியரும் வீடு வீடாகத் தூசி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார்கள். எட்டுக் கால்கள், ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளம், ஏறத்தாழக் கண்ணாடி போன்ற உடல். இன்று டாக்டர்கள் 'டஸ்ட் மைட்' என்று சொல்லும் தூசி உண்ணி. ஈரமான வீடுகளின் தூசியில் அது அதிகம். அது அதிகமாக இருந்த தூசியே தோல் சோதனையிலும் அதிகமாகத் தடித்தது. பிராணியியல் அறிஞர்களுக்கு அது புதிதல்ல. 1897-லேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். தோலைத் தின்பது என்று பொருள்படும் பெயர். நம் உடம்பிலிருந்து நாள்தோறும் உதிரும் தோல் செதில்தான் அதன் சாப்பாடு. அது கடிக்காது, நோய் பரப்பாது. மெத்தை, தலையணை, சோபா, பஞ்சு பொம்மை இவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் குடித்தனம் நடத்தும். நம்மைப் போன்ற வெப்பமண்டல ஊர்களில் அதன் உறவினமான 'பிளோமியா'வும் சேர்ந்து வாழ்கிறது.

முக்கியமான விஷயம் இதுதான்: இந்த உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் உள்ள ஈரத்தை உடம்பால் இழுத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போய் அப்படியே நீடித்தால் வறண்டு செத்துவிடும். சுவிஸ் மலையில் நோயாளிகள் தேறியதன் இரகசியம் அதுவே. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல். உண்ணிக்கு இதைவிடச் சொகுசான ஊர் கிடைக்குமா?

உண்ணியா, எச்சமா?

1981-ல் இங்கிலாந்தில் பணியாற்றிய டோவி, சாப்மன், பிளாட்ஸ்-மில்ஸ் மூவரும் 'நேச்சர்' ஆய்விதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். ஒவ்வாமைப் பொருளின் முக்கிய ஊற்று உண்ணியின் எச்சம்தான் என்று நிறுவினார்கள். ஓர் உண்ணி ஒரு நாளைக்கு ஏறத்தாழ இருபது உருண்டைகள் போடும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு.

இது நம் சுத்தம் செய்யும் முறையையே மாற்ற வேண்டிய செய்தி. முதலாவது, உண்ணியைக் கொன்றால் மட்டும் போதாது. எச்சம் அப்படியே இருக்கும், துவைத்தோ உறிஞ்சியோ வெளியேற்ற வேண்டும். இரண்டாவது, அந்த உருண்டைகள் கனமானவை. யாரும் கிளப்பாவிட்டால் காற்றில் நிற்காது; கிளப்பினாலும் அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் படிந்துவிடும். அதனால் அறை மூலையில் ஓடும் ஏர் பியூரிஃபையர் இவற்றை அதிகம் பிடிக்காது. பூனையின் ஒவ்வாமைப் பொருள் நேர்மாறானது. மிக நுண்ணியது, மணிக்கணக்கில் மிதக்கும், அங்கே அந்தக் கருவிக்கு வேலை உண்டு. மூன்றாவது, படுக்கையில் நம் மூக்கு தலையணைக்கு ஒரு சாண்கூடத் தள்ளி இல்லை. புரண்டு படுக்கும் ஒவ்வொரு முறையும் நாமே கிளப்பி நாமே சுவாசிக்கிறோம். இரவில் இழுப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்தச் சுத்தம் பலிக்கிறது என்பதற்கும் சோதனைகள் நடந்தன. 55 டிகிரி வெந்நீரில் துவைத்தால் உண்ணிகள் எல்லாம் சாகின்றன என்று 1992-ல் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. பச்சைத் தண்ணீரில் துவைத்தால் எச்சத்தில் பெரும்பகுதி போய்விடும், உண்ணிகளில் பல பிழைத்துக்கொள்ளும். 1994-ல் சிட்னியில் கம்பளங்களை நேரடி வெயிலில் போட்டுப் பார்த்தார்கள். உண்ணிகள் முழுவதுமாகச் செத்தன. இதைப் படித்ததும் நான் கொஞ்சம் வெட்கப்பட்டேன். எங்கள் அம்மா மெத்தையை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய், நாள் முழுக்க வெயிலில் காயவைத்து, அங்கேயே தட்டித்தான் கீழே கொண்டுவருவார். நான் பிரம்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வெயிலை மறந்துவிட்டேன்.

பாயில் படுத்த காலத்தில் இந்தத் தொல்லை குறைவாக இருந்ததற்கும் காரணம் சொல்லலாம். கோரைப் பாய்க்குள் ஈரமும் செதிலும் சேர்வதற்குத் தடிமன் இல்லை. காலையில் சுருட்டி வைத்துவிடுவோம். ஈரத்துணியால் துடைக்கும் தரையும் அப்படித்தான். கம்பள நாடுகள் வாக்யூம் கிளீனருக்குச் செலவழித்ததை நம் வீடுகளில் வாளியும் மாப்பும் பார்த்துக்கொண்டன. நாம் தோற்பது மெத்தையிலும் சோபாவிலும் திரையிலும்.

சுவர் தாண்டி வரும் விருந்தாளி

உண்ணியைப் போலவே கரப்பானையும் பற்றிச் சொல்ல வேண்டும். 1964-லேயே அமெரிக்காவில் பெர்ன்டன், பிரவுன் என்ற மருத்துவர்கள் கரப்பான் ஒவ்வாமையைத் தோல் சோதனையில் காட்டினார்கள். 1997-ல் வெளியான பெரிய ஆய்வு, எட்டு அமெரிக்க நகரங்களின் நெரிசலான பகுதிகளில் வாழும் ஆஸ்துமாக் குழந்தைகளைப் பார்த்தது. கரப்பான் ஒவ்வாமையும் இருந்து, படுக்கையறையில் கரப்பான் தடயமும் அதிகம் இருந்த குழந்தைகள் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

அந்தக் குழந்தைகளில் பலர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். காரணம் உங்களுக்கே தெரியும். என் ஃப்ளாட்டில் மருந்து அடித்தால் கரப்பான் குழாய்ப் பாதை வழியாக உங்கள் ஃப்ளாட்டுக்கு வரும். அடுத்த மாதம் நீங்கள் அடித்தால் என்னிடம் திரும்பும். ஈரமும் அப்படியே. மேல் வீட்டு பாத்ரூம் கசிவு கீழ் வீட்டுப் படுக்கையறைச் சுவரில் பூஞ்சையாகப் பூக்கும்.

ஒரே ஒரு கருவி போதுமா?

இவ்வளவு தெரிந்த பிறகு, மெத்தைக்கு நுண்கண் உறை போட்டால் போதும் என்று கடைகள் விற்க ஆரம்பித்தன. 2003-ல் இங்கிலாந்தில் ஆஸ்துமா உள்ள 1,122 பெரியவர்களிடம் அதைச் சோதித்தார்கள். உறை போட்டவர்களுக்கும் சாதாரணத் துணி உறை போட்டவர்களுக்கும் பலனில் வித்தியாசமே இல்லை. பலருக்கு அது பெரிய ஏமாற்றம்.

அடுத்த ஆண்டே அமெரிக்காவிலிருந்து வேறு முடிவு வந்தது. ஏழு நகரங்களில் ஆஸ்துமா உள்ள 937 குழந்தைகள். ஒவ்வொரு குழந்தைக்கும் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று சோதித்து, அந்த வீட்டுக்கு ஏற்றபடி உறை, ஹெப்பா வாக்யூம், கரப்பான் கட்டுப்பாடு, புகை தவிர்ப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தார்கள். தொல்லை தந்த நாட்கள் இரண்டு வாரத்துக்கு 4.2 ஆக இருக்க வேண்டிய இடத்தில் 3.4 ஆயின. கேட்கச் சிறிதாகத் தோன்றும். ஓர் ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ மூன்று வாரம். இரவில் குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொண்டு விடியலுக்குக் காத்திருந்தவர்களுக்கு மூன்று வாரம் எவ்வளவு என்று தெரியும்.

உறைக்கும் பிறகு ஒரு நல்ல சேதி வந்தது. 2017-ல் பிளாக்லியின் ஊரான மான்செஸ்டரிலிருந்து வெளியான ஆய்வில், உண்ணி ஒவ்வாமை உள்ள 284 குழந்தைகளைப் பார்த்தார்கள். நுண்கண் உறை போட்டவர்களில் 29 சதவீதமும், சாதாரண உறை போட்டவர்களில் 41 சதவீதமும் அந்த ஆண்டில் கடுமையான இழுப்போடு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. ஆக, எந்தக் கருவி என்பதைவிட, யாருக்கு, எதற்கு எதிராக என்பதே கேள்வி.

நம் வீட்டில், நம் பிளாக்கில்

இந்த வரலாற்றிலிருந்து என் வீட்டில் நாங்கள் பின்பற்றுவது இவ்வளவுதான்:

1. மெத்தையை அறைக்குள் தட்டுவதில்லை. ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் சுத்தம். ஜன்னல் திறந்திருக்கும், செய்கிறவர் மாஸ்க் அணிவார், முடித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் குழந்தை உள்ளே வரும்.

2. விரிப்பு, தலையணை உறை, போர்வை வாரம் ஒருமுறை வெந்நீர்த் துவையல். மெஷினில் 60 டிகிரி என்ற தேர்வு இருக்கிறது. நாங்கள் இத்தனை நாள் தொட்டதே இல்லை.

3. அலமாரி, மின்விசிறி, ஜன்னல் கம்பிகளை ஈரத்துணியால் துடைக்கிறோம். இறகுத் தூரிகையால் தட்டுவது இடமாற்றமே தவிரச் சுத்தமல்ல. ஒட்டடை அடிக்கும் முன் படுக்கையை மூடிவிடுகிறோம்.

4. மழைக்காலத்திலும் படுக்கையறையில் துணி காயப்போடுவதில்லை. குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் குளித்த பிறகும் ஓடும். ஏசி வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுகிறோம்.

5. பேத்தியின் மெத்தைக்கும் தலையணைக்கும் நுண்கண் உறை. பஞ்சு பொம்மைகளில் இரண்டு மட்டும் கட்டிலில். அவையும் துவையலுக்குப் போகும்.

டாக்டர் கொடுத்த இன்ஹேலரை இதற்காக நிறுத்தவில்லை. நீங்களும் நிறுத்தாதீர்கள், சுத்தம் மருந்துக்குத் துணை, மாற்று அல்ல. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று சோதித்துத் தெரிந்துகொண்ட பிறகு செலவு செய்வது நல்லது.

இனி, என் கோரிக்கை. பெஸ்ட் கன்ட்ரோலை ஃப்ளாட் ஃப்ளாட்டாக அல்லாமல், ஒரு பிளாக் முழுவதற்கும் ஒரே நாளில் செய்வோம். ஸ்ப்ரேயைவிட ஜெல் வைப்பது மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்கு நல்லது. கசிவுப் புகார்களை 'இரண்டு வீட்டுக்காரர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்' என்று தள்ளிவைக்காமல், மராமத்துக் கமிட்டி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக மொட்டை மாடி. சென்ற பொதுக்குழுவில் அதன் கதவைப் பூட்டியே வைப்பது என்று முடிவெடுத்தோம். குழந்தைகள் பாதுகாப்பு, தண்ணீர்த் தொட்டி என்று காரணங்கள் நியாயமானவை. நானும் அதற்குக் கை தூக்கியவன்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் மூன்று மணி வரை, செக்யூரிட்டியிடம் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கிக்கொண்டு, மெத்தை தலையணைகளை மட்டும் காயவைக்க அனுமதிக்கலாமா? பிளாக்குக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் உடன் இருக்க வேண்டும் என்று விதி போடலாம். நம் ஊரில் இலவசமாகவும் தாராளமாகவும் கிடைப்பது வெயில் ஒன்றுதான். அதையும் பூட்டி வைத்திருக்கிறோம்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கிறேன். எதிர்ப்பவர்களும் வாருங்கள், பேசுவோம். அதற்கு முன் இந்தப் போகிக்கு, வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால், பிரம்பை எடுக்கும் முன் அவர் எங்கே நிற்கிறார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.